கணக்கில் வராத நாற்பது கிலோமீட்டர்

ஜனவரி 3, கோபிசெட்டிபாளையம்

காலை 6.40. மீட்டர்: 1,84,210.

வீட்டுச் சாவியைக் குடிவந்தவரிடம் கொடுத்தாயிற்று. வாடகை 9,500. ஒப்பந்தம் எல்லோரும் போடுவதுபோல் பதினொரு மாதத்துக்கு. என் கணவருடைய ஓய்வூதியம் கடன் பிடித்தம் போக 17,500. ஆக மாதத்துக்கு 27,000, நாளுக்கு 900. டீசல், சோறு, குளியல், வண்டி நிறுத்தும் இடத்துக்கு வாடகை எல்லாம் இதற்குள் அடங்க வேண்டும்.

பன்னிரண்டு பேர் உட்காரும் பழைய வேன். பின் இருக்கைகளைக் கழற்றிவிட்டுக் கட்டிலும் அடுப்பு மேடையும் வைத்திருக்கிறோம். முன்னால் இரண்டு இருக்கைகள். வலப்புறம் என் கணவர் நாச்சிமுத்து. அரசுப் பேருந்தில் முப்பத்து நான்கு வருடம் ஓட்டியவர். இடப்புறம் நான், இந்த நோட்டோடு.

மகள் பூரணி கோவையிலிருந்து வந்து வழியனுப்பினாள். வாழ்த்தைவிட நிபந்தனை நீளமாக இருந்தது.

"தொடர்ந்து ரெண்டு மாசம் கணக்கு மீறுச்சுன்னாலும் சரி, அப்பாவால ஓட்ட முடியலீன்னாலும் சரி, நேரா எங்க மாடி ரூமுக்கு வந்தரோணும். சரியாம்மா?"

"சரி" என்றேன். அந்த மாடி அறைக்கு ஒரே ஜன்னல். திறந்தால் பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டி தெரியும்.

வண்டியைக் கிளப்பியவர் நகராமல் உட்கார்ந்திருந்தார்.

"என்னங்க?"

"கண்டக்டர் சொல்லாம நான் எந்தக் காலத்துல வண்டி எடுத்திருக்கறேன், நிருபரம்மா?"

"ரைட்" என்றேன். வண்டி நகர்ந்தது.

ஜனவரி 7, வைகை அணை

டீசல் 1,500. காய் 85. பால் 30. இருவருக்குக் குளியல் 40. இரவு நிறுத்த வாடகை 100. மொத்தம் 1,755. டீசலை நான்கு நாளுக்குப் பிரித்தால் வரம்புக்குள் வந்துவிடும்.

முப்பத்திரண்டு வருடம் ஒரே தாலுகாவின் நிருபராக இருந்தேன். ஊருக்கு வந்தவர்களைப் பற்றியே எழுதினேன். நான் எங்கும் போனதில்லை. இப்போது இரண்டு இரவுக்கு மேல் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. நேற்றுச் சாயங்காலமே அடுத்த ஊருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று கேட்டுவிட்டேன். "அணையவே இன்னும் பாக்கலியே" என்றார்.

ஜனவரி 12, தேனிக்கு வெளியே, ஒரு பெட்ரோல் பங்க்

இடதுபுறப் பக்கக் கண்ணாடி, புதிது: 650. சந்தில் மின்கம்பம் உரசியது. "ரோடு போட்டவன் கம்பத்த நடு ரோட்டுல நட்டிருக்கறான்" என்றார். கம்பம் ஓரத்தில்தான் இருந்தது.

ஜனவரி 14

பொங்கல். வண்டிக்குப் பின்னால் சின்ன அடுப்பில் பொங்கியது. பச்சரிசி, வெல்லம், முந்திரி, கரும்பு ஒன்று: 210. பூரணி வீடியோவில் பார்த்தாள். "வண்டியில என்னம்மா கோடு?" என்றாள். இடதுபுறம் கம்பத்தின் கோடு. பேச்சை மாற்றினேன்.

ஜனவரி 23, குற்றாலம்

சீசன் இல்லை. அருவியில் பாறை மட்டும். வண்டி நிறுத்த 50 போதும் என்றார்கள்.

மைலேஜ் கணக்குப் போட்டுப் பார்த்தேன். லிட்டருக்கு 12.9. கிளம்பியபோது 11.2. பணியில் இருந்த காலத்தில் டீசல் மிச்சத்துக்காக இரண்டு முறை பாராட்டுக் கடிதம் வாங்கியவர் அவர். சந்தோஷப்படுவார் என்று சொன்னேன். "ம்" என்றார். முப்பத்தைந்துக்கு மேல் ஓட்டுவதில்லை, அதனால்தான் 12.9. மாலை நான்கு மணிக்கே நிறுத்த இடம் தேடுகிறார். செலவு குறைகிறது. எழுதி வைக்கிறேன்.

இடதுபுறக் கண்ணாடி, இரண்டாம் முறை: 650.

ஜனவரி 25

டம்ளர் கவிழ்ந்து பால் வீண்: 15. அவருடைய இடது கைப்பக்கம் வைத்திருந்தேன்.

ஜனவரி 31, கடையத்துக்கு அருகே ஒரு தென்னந்தோப்பு

மாதக் கணக்கு: 26,340. வரம்புக்கு 660 கீழே. பூரணிக்குப் படம் எடுத்து அனுப்பினேன். கட்டைவிரல் ஒன்றைப் பதிலாக அனுப்பினாள்.

பிப்ரவரி 1

காலை மீட்டர்: 1,85,032. மாலை: 1,85,078.

ஐந்து கிலோ சிலிண்டர் மாற்றி வரத் தனியாகப் போனார். கடை மூன்று கிலோமீட்டரில். போக வர ஆறு. ஓடியிருப்பது நாற்பத்தாறு. காலை ஒன்பதுக்குப் போனவர் மூன்றரைக்கு வந்தார்.

"கூட்டமா?"

"ஆமா, கூட்டந்தான்."

சிலிண்டர் 560. நாற்பது கிலோமீட்டர் கணக்கில் வரவில்லை.

கேட்கவில்லை.

பிப்ரவரி 2

ஏன் கேட்கவில்லை என்று எழுதிவிடுகிறேன்.

1989இல், வேலைக்குச் சேர்ந்த நான்காவது மாதம், சத்தியமங்கலம் சாலையில் ஒரு பேருந்து வாய்க்காலில் இறங்கியது. ஐந்து பேருக்குக் காயம். 'அதிவேகமாக வந்த பேருந்து' என்று எழுதினேன். விபத்துச் செய்தி என்றால் எல்லோரும் அப்படித்தான் தொடங்குவோம். மறுநாள் காக்கிச் சட்டையோடு ஓட்டுநர் அலுவலகத்துக்கு வந்தார்.

"என்ன அதிவேகமுங்க? அந்தப் பஸ்ஸு நாப்பதுக்கு மேல போனா பாடி தனியா எறங்கிப் போயிரும். முன் டயர் வெடிச்சுது. நீங்க பாத்தீங்களா?"

நான் பார்த்திருக்கவில்லை. ஐந்தாம் பக்கத்தில் மூன்று வரித் திருத்தம் வெளியாயிற்று. என் வேலைக் காலத்தின் முதல் திருத்தம். மறு வருடம் அந்த ஓட்டுநரையே கல்யாணம் செய்துகொண்டேன். அந்த மூன்று வரியை வெட்டி, லேமினேட் செய்து, இன்றும் ஓட்டுநர் இருக்கைக்கு மேலே வெயில் தடுப்பில் செருகி வைத்திருக்கிறார்.

அன்று முதல் ஆவணம் கையில் இல்லாமல் யாரிடமும் கேள்வி கேட்டதில்லை. இப்போதும் கையில் ஆவணம் இல்லை.

பிப்ரவரி 5

ஊசி, நூல் வாங்கத் தென்காசிக்குப் போய் வந்தேன். பஸ் கட்டணம் இல்லை, பெண்களுக்கு இலவசம். ஊசி, நூல் 20. காபி 15.

தோப்பிலிருந்து தென்காசி இருபது கிலோமீட்டர் என்று நடத்துநர் சொன்னார். போக வர நாற்பது. பேருந்து நிலையத்தைச் சுற்றிப் பாத்திரக் கடை, கோர்ட்டு, ஒரு கண் மருத்துவமனை, இரண்டு அல்வாக் கடை. எதுவும் உறுதியாகவில்லை.

பிப்ரவரி 7

தினமும் மாலை ஏழு மணிக்கு டார்ச்சை எடுத்துக்கொண்டு, டயரில் காற்றுப் பார்க்கிறேன் என்று வண்டிக்குப் பின்னால் போகிறார். ஐந்து நிமிடம் கழித்து வரும்போது இடது கன்னம் ஈரமாக இருக்கிறது.

டயரில் காற்று சரியாகவே இருக்கிறது.

பிப்ரவரி 9

கிளம்பிவிட்டோம். தோப்பில் பத்து இரவு. இவ்வளவு நாள் ஓரிடத்தில் இருந்ததில்லை. நான்தான் சொன்னேன், மணிமுத்தாறு பக்கம் போகலாம், அப்படியே கன்னியாகுமரி, பிறகு கடலோரமாகவே ராமேஸ்வரம் வரை என்று. "நீ எங்க சொல்றியோ அங்க" என்றார்.

"ரைட்" என்றேன்.

பிப்ரவரி 13, அம்பாசமுத்திரத்துக்கு அருகே

மாலை மீட்டர்: 1,85,161.

வரிசையாக எழுதுகிறேன்.

காலை 7.10. சாலையோர டீக்கடையில் வண்டியை நிறுத்தினோம். டீ இரண்டு 24, வடை இரண்டு 16. வண்டியில் ஏறி அதை எழுதிக்கொண்டிருந்தேன். அவர் கிளப்பினார். "ரைட்" என்றேன். வண்டி நகர்ந்தது. இடதுபுறச் சந்திலிருந்து பால் கேனோடு வந்த மொபெட் வண்டியின் முன்மூலையில் பட்டு விழுந்தது.

ஓட்டி வந்த பெண் ஓடையோரம் உட்கார்ந்த நிலையில் கிடந்தார். பெயர் பேச்சியம்மாள், வயது நாற்பத்தெட்டு. ஒரு கையால் இன்னொரு கையின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, வலியைவிடக் கோபமாக இருந்தார்.

"ஏ வேன்காரரே, கண்ணு தெரியலையா ஒமக்கு? இவ்ளோ பெரிய கேன வச்சிக்கிட்டு வாரேன். யானையா வந்தாத்தான் தெரியுமோ?"

டீக்கடையில் இருந்தவர்கள் கூடினார்கள். "வயசானவரு, விடுக்கா" என்றார் ஒருவர். "வயசானா வீட்ல இருக்க வேண்டியதுதான? எம் மாட்ட யாரு கறப்பா? உங்கப்பனா?" என்றார் அந்த அம்மாள்.

என் கணவர் சாவியைத் திருகி எடுத்தார். என் மடியில் இருந்த நோட்டின் மேல் வைத்தார்.

மணிக்கட்டில் எலும்பு முறிவு. ஆறு வாரம் மாவுக்கட்டு. எக்ஸ்ரே, கட்டு, மருந்து 4,300. கொட்டிய பால் பன்னிரண்டு லிட்டர் 480. மொபெட் ரிப்பேர் 1,900. ஆட்டோ 200. காவல் நிலையத்துக்கு என் கணவரே நடந்து போய் நடந்ததை எழுதிக் கொடுத்தார். டீக்கடைக்காரரின் அண்ணன்தான் வண்டியைப் பேச்சியம்மாள் வீட்டு முன்வெளி வரை ஓட்டி வந்து நிறுத்தினார்.

பிப்ரவரி 14

பேச்சியம்மாளுக்கு மூன்று கறவை மாடுகள். மகன் சவூதியில். கணவர் இல்லை. ஆறு வாரத்துக்கு ஆள் வைத்தால் பால் பணம் ஆளுக்கே போய்விடும்.

இன்று அதிகாலை என் கணவர் எழுந்து போய்ச் செம்பை எடுத்து மாட்டடியில் உட்கார்ந்தார். சின்ன வயதில் கறந்த கை.

மதியம் வண்டிப் படியில் உட்கார்ந்து பேசினார். நான் கேட்டு அல்ல.

"அன்னைக்கு சிலிண்டருக்குன்னு போனனே, அப்பத் தென்காசி கண்ணாஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்தேன். எடது கண்ணுல பக்கவாட்டுல ஒண்ணுமே தெரியறதில்ல. கண்ணுக்குள்ள அழுத்தமாமா. போன பார்வை திரும்பாது, இருக்கறதக் காப்பாத்தலாம்னு சொட்டு மருந்து குடுத்தாங்க. வண்டி ஓட்டாதீங்கன்னாங்க."

"ஏன் சொல்லல?"

"சொன்னா கோயமுத்தூரு மாடி ரூமு. முப்பது வருசம் நீ எங்கியும் போகல. பதனொரு மாசம் மெதுவா ஓட்டிரலாம்னு நெனச்சேன். எனக்கு எடது பக்கம் தெரியாட்டி என்ன, அந்தப் பக்கம் நீ உக்காந்திருக்கறயே. நீ பாத்துத்தான ரைட்டுங்கற."

அடுப்பில் சாம்பார் கொதித்து வழிந்தது. அணைத்தேன்.

"அந்த ஆஸ்பத்திரிச் சீட்ட நீ பாத்தயா?" என்று கேட்டார். முப்பத்தாறு வருடத்துக்கு முன் கேட்ட அதே குரல்.

பாத்தேன் என்றேன்.

"எப்ப?"

சொன்னேன்.

படியிலிருந்து எழுந்தார்.

"தெரிஞ்சும் பக்கத்துல உக்காந்து ரைட்டு சொன்னயா?"

பிப்ரவரி 15

பேசவில்லை. செலவு: 0.

பிப்ரவரி 16

பேசவில்லை. தவிடு ஒரு மூட்டை தூக்கி வந்தார். வாசற்படியில் இடது தோள் இடித்தது. நான் "பாத்து" என்றேன். மூட்டையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டு போனார்.

ஓர் இடத்தில் மூன்றாவது நாள். சாயங்காலம் மெயின் ரோடு வரை நடந்து, போகிற பஸ்களின் பலகையைப் படித்துவிட்டுத் திரும்பினேன். பாபநாசம், நாகர்கோவில், தூத்துக்குடி. இரண்டாவது முறையும் போய்ப் படித்தேன்.

பிப்ரவரி 17

பேச்சியம்மாள் கட்டுப்போட்ட கையோடு வண்டிக்குள் வந்து உட்கார்ந்தார். "யக்கா, உங்க வீட்டுக்காரரு கறக்க ஆரம்பிச்சதுல இருந்து எம் மாடு கத்தும்போதுகூட 'ங்க' போட்டுத்தான் கத்துது" என்றார். தொழுவத்துக்குள் அவர் சிரிப்பது கேட்டது. நான் வெளியே வந்ததும் நின்றுவிட்டது.

பூரணி அழைத்தாள். பிப்ரவரிக் கணக்கு அனுப்பு என்றாள். விபத்துச் செலவு மட்டுமே 6,880. எல்லாம் சொன்னேன். அழுதாள், திட்டினாள். ஞாயிற்றுக்கிழமை வந்து கூட்டிப்போவதாகச் சொன்னாள். ஆறு வாரம் இங்கே மாடு இருக்கிறது என்றேன். "உனக்கு என்னம்மா மாடு?" என்றாள். போனை அவர் வாங்கினார்.

"கை ஒடைச்சது நாங்க, சாமி. கட்டுப் பிரிக்கற வரைக்கும் எங்கியும் வரமாட்டோம்."

நாங்க என்றார். நான் என்று சொல்லவில்லை.

பிப்ரவரி 18

காலையில் வெயில் தடுப்பிலிருந்து அந்த மூன்று வரியை உருவி எடுத்து இந்த நோட்டின் மேல் வைத்தார். கூடவே நான்காக மடித்த ஆஸ்பத்திரிச் சீட்டும் பில்லும்.

"இது எண்ணூத்தி முப்பது ரூபா. கணக்குல ஏத்து. அப்பறம் அன்னைக்குப் போட்டயே, அதே மாதிரி போடு."

போடுகிறேன்.

திருத்தம்

பிப்ரவரி 1ஆம் தேதிக் குறிப்பில் நாற்பது கிலோமீட்டர் கணக்கில் வரவில்லை என்று எழுதியிருந்தேன். தவறு. அன்று மாலை சிலிண்டரை மாட்டும்போது, அதன் பில்லுக்கு அடியில் மருத்துவமனைச் சீட்டு இருந்தது. 'இடது கண்: பக்கப் பார்வை மிகக் குறைவு. வாகனம் ஓட்டுவதைத் தவிர்க்கவும்' என்று அதில் இருந்தது. இரண்டு முறை படித்தேன். மடித்து, இருந்த இடத்திலேயே வைத்தேன். வைத்த பிறகுதான் அன்றைய குறிப்பை எழுதினேன்.

பிப்ரவரி 2ஆம் தேதி, ஆவணம் கையில் இல்லை என்று எழுதியது தவறு.

பிப்ரவரி 5ஆம் தேதி ஊசி நூல் வாங்கத் தென்காசி போனதாக எழுதியது தவறு. மருத்துவமனை வாசல் வரை போனேன். மெதுவாக ஓட்டினால் பரவாயில்லையா என்று டாக்டரிடம் கேட்க நினைத்தேன். உள்ளே போகவில்லை. கேட்டால் பதிலையும் எழுத வேண்டியிருக்கும். வாசலிலிருந்தே திரும்பி ஊசி நூல் வாங்கினேன்.

கண்ணாடி, பால் டம்ளர், 12.9 மைலேஜ் ஆகியவை அன்றன்று சரியாகவே எழுதப்பட்டுள்ளன. அவற்றைச் சேர்த்துப் பார்க்காததற்கு நிருபருக்குக் காரணம் இருந்தது. பயணம் நின்றுவிடக் கூடாது.

பிப்ரவரி 1ஆம் தேதிக்குப் பிறகு நான்கு முறை ரைட் சொல்லியிருக்கிறேன். மூன்று முறை தலையைத் தூக்கிப் பார்த்தேனா என்று நினைவில்லை. 13ஆம் தேதி பார்க்கவில்லை. வடை எட்டு ரூபாயா ஏழு ரூபாயா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

பேச்சியம்மாளின் கைக்கு ஓட்டியவர் மட்டும் காரணம் என்று யாராவது புரிந்துகொண்டிருந்தால், அதுவும் தவறு.

கண் பரிசோதனை 350, சொட்டு மருந்து 480, மொத்தம் 830, பிப்ரவரி 1ஆம் தேதியில் சேர்க்கப்பட்டது.

மாலை, அதே நாள்

நோட்டை வாங்கி வெயிலுக்குக் கொண்டுபோய், தலையை ஒருபக்கமாகத் திருப்பி, வலது கண்ணால் படித்தார். நிறைய நேரம் ஆயிற்று.

"மூணு வரியில முடிக்கறதுதான உன் வழக்கம்" என்றார். நோட்டைக் கொடுத்தார். பிறகு, "ஏழு மணிக்குச் சொட்டு மருந்து. நானே ஊத்துனாப் பாதி கன்னத்துல போகுது" என்றார்.

ஊற்றினேன். இரண்டு சொட்டு.

பிப்ரவரி 28

மாதக் கணக்கு: 24,915, விபத்தும் கண் மருந்தும் உட்பட. 13ஆம் தேதிக்குப் பிறகு டீசல் இல்லை, தங்க வாடகை இல்லை. அதனால் வரம்பு மீறவில்லை. மீறியிருந்தால் மீறியது என்றே எழுதியிருப்பேன்.

நிபந்தனையில் இரண்டாவது பாதி மிச்சம் இருக்கிறது. அப்பாவால் ஓட்ட முடியவில்லை என்றால்.

மார்ச் 4

அம்பாசமுத்திரம் டிரைவிங் ஸ்கூல், முன்பணம் 3,000. மொத்தம் 6,000. டாக்டர் சான்றிதழ் 300.

பயிற்சி தருகிறவருக்கு முப்பது வயது இருக்கும். "யாருக்கும்மா? பேரனுக்கா?" என்றார். எனக்கு என்றேன். நாற்காலியை இழுத்துப்போட்டு என்னை உட்காரச் சொன்னார்.

மார்ச் 12

எல்எல்ஆர் கிடைத்தது. பூரணிக்குப் படம் அனுப்பினேன். கட்டைவிரல் வரவில்லை. அரை மணி கழித்து, "அம்மா, உனக்கு அறுபது" என்று வந்தது. பிறகு, "கிளட்ச் கால் எது தெரியுமா?" என்று கேட்டிருந்தாள்.

மார்ச் 19

பாடத்தில் இரண்டு முறை வண்டி அணைந்தது. வண்டிக்குத் திரும்பி என் கணவரிடம் சொன்னேன். இவர் சொன்னார், "நானும் மொத நாள்ல டிப்போ கேட்டுல நிறுத்திட்டேன். பின்னாடி பதனாறு பஸ்ஸு." இந்த முப்பத்தாறு வருடத்தில் இதை என்னிடம் சொன்னதே இல்லை.

மார்ச் 29

பேச்சியம்மாளுக்கு நேற்றுக் கட்டுப் பிரித்தார்கள். இன்று காலை அவரே கறந்தார். "மாடு உங்க வீட்டுக்காரருக்குப் பழகிட்டு, எங்கிட்ட மொறைக்கி" என்றார்.

மீட்டர்: 1,85,161. நாற்பத்து நான்கு நாளாக மாறவில்லை.

தொழுவத்துக்குப் பின்னால் அறுவடை முடிந்த வயல். காய்ந்து இறுகிக் கிடக்கிறது. வேனை அங்கே கொண்டுபோக டீக்கடைக்காரரின் அண்ணனை மறுபடி அழைத்தோம். அவர் இறங்கியதும் வலப்புறம் நான் ஏறினேன். இருக்கையை முன்னால் தள்ள வேண்டியிருந்தது. என் கால் எட்டவில்லை. மூன்று வரியும் வெயில் தடுப்பில் மறுபடி இருந்தது. அதன் பக்கத்தில் இந்த நோட்டிலிருந்து கிழித்த பிப்ரவரி 18ஆம் தேதித் தாள், மடித்து. என் கணவர் எப்போது கிழித்தார் என்று தெரியவில்லை. கேட்கவில்லை. இந்த முறை காரணம் வேறு.

அவர் இடதுபுறம் ஏறி உட்கார்ந்தார். நோட்டை அவரிடம் கொடுத்தேன். வாங்கி, மூடி, காலடியில் வைத்தார்.

கிளப்பினேன். கிளட்சை மிதித்துக்கொண்டு காத்திருந்தேன். பேச்சியம்மாள் வரப்பில் நின்று, "என்ன ரெண்டு பேரும் சாமி கும்பிடுறீங்களா? கெளம்புங்க!" என்று கத்தினார்.

என் கணவர் கதவைத் திறந்து இறங்கினார். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி நடந்தார். முன்மூலை, பின்சக்கரம், மறுபக்கம். ஒவ்வொரு இடத்திலும் நின்று, கழுத்தை முழுக்கத் திருப்பி வலது கண்ணால் பார்த்தார். இடதுபுறத்தை இரண்டு முறை பார்த்தார். வரப்பில் நின்ற பேச்சியம்மாளை நாலடி தள்ளி நிற்கச் சொன்னார். திரும்பி வந்து ஏறினார். கதவைச் சாத்தினார்.

"பாத்துட்டேன்" என்றார். "ரைட்."